சான்டா ஃபேவுக்குக் குடிபோகலாமா? வெயிலை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்

நியூ ஜெர்சியிலோ சியாட்டிலிலோ மாதக்கணக்கில் சாம்பல் வானத்தைப் பார்த்து அலுத்துப்போன ஒருவர் அக்டோபர் முதல் வாரத்தில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்துக்கு நான்கு நாள் சுற்றுலா போய்விட்டு வந்தால் போதும், அடுத்த வாரமே சான்டா ஃபேவில் வீட்டு விலை பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த மாதத்தில் ஊர் அப்படித்தான் இருக்கும். கண் கூசும் நீலத்தில் வானம், மலைச்சரிவில் மஞ்சளாகிப்போன ஆஸ்பென் மரங்கள், கடை வாசலில் இரும்புக் கூண்டைச் சுழற்றிப் பச்சை மிளகாய் சுடும் வாசனை. ஆனால் அக்டோபரில் பார்த்ததை வைத்து அந்த ஊரில் வீடு வாங்குவது, மாப்பிள்ளையைக் கல்யாணக் கோலத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பெண்ணைக் கொடுப்பது மாதிரி.

வெயிலைப் பற்றி நீங்கள் ஆராய வேண்டியதே இல்லை. அது கண்டிப்பாக இருக்கும், வருஷத்தில் பெரும்பாலான நாள் இருக்கும். ஆராய வேண்டியது அந்த வெயிலுக்குப் பின்னால் இருக்கும் மூன்று விஷயங்களை: வறட்சி, உயரம், ஊரின் சின்ன அளவு. இந்த மூன்றோடும் உங்களால் குடித்தனம் நடத்த முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில் அளவுகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,190 மீட்டர், அதாவது 7,000 அடிக்கு மேல். அமெரிக்காவின் மாநிலத் தலைநகரங்களிலேயே உயரத்தில் இருப்பது இதுதான். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 87,500 சொச்சம். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். ஆனால் ஊட்டி என்றதும் மனசில் வரும் ஈரமும் பச்சையும் இங்கே கிடையாது. ஆண்டு மழை சுமார் 35 சென்டிமீட்டர்தான், சென்னையில் பெய்வதில் கால் பங்கு. ஜூலையில் பகலில் 30 டிகிரி, இரவில் 13, 14க்கு இறங்கிவிடும். ஜனவரியில் பகலில் 6, 7 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 7, 8. ஒரே நாளில் காலையில் ஜாக்கெட், மத்தியானம் அரைக்கை, ராத்திரி மறுபடி ஜாக்கெட் என்பதெல்லாம் அங்கே சாதாரணம்.

எப்போது போய்ப் பார்ப்பது

மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ போங்கள். அதுதான் அந்த ஊரின் மோசமான முகம். வசந்தம் என்று பெயர், ஆனால் நாள்கணக்கில் காற்று அடிக்கும், மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து ஜன்னல் விளிம்பில் கொட்டும். அதற்கு முன்னாலேயே ஜூனிபர் மரங்கள் மகரந்தத்தைக் கொட்ட ஆரம்பித்திருக்கும். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு, ஏன், இதுவரை எதுவுமே இல்லாதவர்களுக்கும்கூட, கண்ணும் மூக்கும் படாத பாடு படும். இந்த மாதத்தில் இரண்டு வாரம் இருந்துவிட்டு, அப்புறமும் பிடித்திருந்தால் பாதி முடிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடத்தையும் யோசித்து எடுங்கள். பழைய நகரத்தின் நடுவில் இருக்கும் பிளாசாவைச் சுற்றி தங்கினால் கலைக்கூடங்களும் உணவகங்களும்தான் கண்ணில் படும். உங்கள் சம்பளத்தில் உண்மையில் வீடு கிடைக்கப்போகிற தெற்குப் பக்கத்தில், செரியோஸ் சாலை, ஏர்போர்ட் சாலைப் பக்கம் ஒரு சாதாரண வீட்டை வாடகைக்கு எடுங்கள். வாரநாளில் அங்கிருந்தே வேலை பாருங்கள், மளிகை வாங்குங்கள், ஒரு பல் மருத்துவரைக் கூப்பிட்டுப் புதிய நோயாளிகளை எடுத்துக்கொள்கிறாரா, எப்போது நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள். இரவு எட்டரை மணிக்குப் பசித்தால் எந்தக் கடை திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஊர் சீக்கிரம் தூங்கிவிடும். சிலருக்கு அது வரம், சிலருக்கு மூன்றாவது மாதத்திலேயே மூச்சு முட்டும்.

உடம்பு என்ன சொல்கிறது

அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரை ஊரைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதல் சில நாள் தலைவலி, தூக்கம் கலைவது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாம் பலருக்கும் வரும், போய்விடும். போகிற நாளன்றே மலைமேல் ஏறாதீர்கள். ஊருக்கு மேலே இருக்கும் பனிச்சறுக்கு மையத்தின் அடிவாரமே 10,000 அடிக்கு மேல். தண்ணீர் தாகம் எடுக்காமலே உடம்பு வற்றும்.

உங்களுக்கு இதெல்லாம் பழகிவிடும். நான் கவலைப்படச் சொல்வது அப்பா அம்மாவைப் பற்றி. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஆறு மாதம் வந்து தங்குகிற எழுபது வயதுக்காரர்களுக்கு இதய நோயோ நாள்பட்ட நுரையீரல் நோயோ இருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன்பே அவர்களுடைய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். இந்தப் பதில் 'வேண்டாம்' என்று வந்தால் உங்கள் முடிவே மாறக்கூடும், அதனால் இதைக் கடைசியில் கேட்காமல் முதலில் கேளுங்கள்.

வறட்சி வேறு விதமாக வேலை செய்யும். மூக்கிலிருந்து ரத்தம், வெடித்த உதடு, கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஷாக். படுக்கையறையில் ஒரு ஈரப்பதக் கருவி, பெரிய பாட்டிலில் தேங்காய் எண்ணெய் இரண்டும் தேவைப்படும். சூரியனின் புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல் கூடும் என்பதால் குளிர்காலத்திலும் தொப்பியும் சன்ஸ்கிரீனும் போட வேண்டும், நம் நிறத்துக்கு அதெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

சமையல்: தண்ணீர் அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைக்க நினைத்தால் பொழுது போய்விடும், கொண்டைக்கடலை பற்றிப் பேசவே வேண்டாம். நல்லவேளை, குக்கர் நம் வீட்டில் இருக்கிறது. வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்கள், அவ்வளவுதான். இட்லி மாவு குளிர்காலத்தில் வெளியே வைத்தால் அப்படியே உட்கார்ந்திருக்கும், விளக்கு எரியும் ஓவனுக்குள் வையுங்கள். மிளகாய்க்குப் பஞ்சமே இல்லை, அந்த ஊர்க்காரர்கள் காலை முட்டைக்கே மிளகாய்க் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறவர்கள். உணவகத்தில் சிவப்பா பச்சையா என்று கேட்பார்கள், இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்மஸ்' என்று சொல்லுங்கள்.

வேலையும் விசாவும்

அரசு அலுவலகங்கள், மருத்துவமனை, சுற்றுலா, கலை, இவற்றை விட்டால் பெரிய முதலாளி 35 மைல் தள்ளியுள்ள லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம். அங்கே பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. குடியுரிமை வாங்கிய இயற்பியல்காரர், கணினிக்காரர் என்றால் நல்ல இடம். மற்றபடி சாஃப்ட்வேர் வேலை உள்ளூரிலேயே மாற்றி மாற்றிக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். ஒரு வேலை போனால் அடுத்தது ரிமோட்டாகத்தான் இருக்கும், இல்லையென்றால் ஊரை விட்டே கிளம்ப வேண்டும்.

ரிமோட்தானே, எங்கிருந்தும் செய்யலாமே என்பவர்களுக்கு, குறிப்பாக எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலை செய்யும் இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால், அது உங்கள் வீட்டு மேஜையாகவே இருந்தாலும், நிறுவனம் திருத்திய மனுவை முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும். கிரீன் கார்டுக்கு முதல் படியான பெர்ம் என்ற தொழிலாளர் சான்று விண்ணப்பமும் வேலை இடத்தைச் சார்ந்ததுதான், இடம் மாறினால் புதிதாகப் போட வேண்டி வரலாம். பத்து வருஷமாக வரிசையில் நிற்பவர்கள் மேனேஜர் வாயால் சொன்ன 'சரி'யை நம்பிச் சாமான்களை மூட்டை கட்டாதீர்கள். நிறுவன வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள். நியூ மெக்ஸிகோவில் ஊழியர் யாரும் இல்லாத நிறுவனம் என்றால் அங்கே வரிக்குப் பதிவு செய்ய அவர்களுக்கு விருப்பமிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். டெக்சாஸிலிருந்தோ வாஷிங்டன் மாநிலத்திலிருந்தோ போகிறவர்கள், அங்கே மாநில வருமான வரி உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைச் சாமானுக்கு மட்டுமல்ல, பிளம்பருக்கும் வக்கீலுக்கும் கொடுக்கும் கூலியிலும் சுமார் எட்டு சதவீத வரி ஏறும்.

வீடு பார்க்கும்போது

இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊர் முழுக்க மண் வீடு போலத் தெரியும். பழைய பகுதிகளில் அந்தத் தோற்றத்தைக் காக்கச் சட்டமே இருக்கிறது, 1957 முதல். ஜன்னலை மாற்றுவதற்கும் சுவரின் நிறத்தை மாற்றுவதற்கும்கூட அனுமதி கேட்க வேண்டிய தெருக்கள் உண்டு. ஆனால் பார்க்க மண் வீடாகத் தெரிவதில் பெரும்பாலானவை மரச்சட்டத்தின் மேல் காரை பூசியவை. உண்மையான அடோபி என்றால், அதாவது வெயிலில் காய்ந்த மண்கல் சுவர் என்றால், கோடையில் குளுகுளுவென்று இருக்கும், பராமரிப்பு தெரிந்த கொத்தனார் வேண்டும். எதுவானாலும் கூரை தட்டைதான். தட்டைக் கூரை ஒழுகும். எப்போது கடைசியாகக் கூரை போட்டார்கள், மழைநீர் வெளியேறும் குழாய்த் தூம்புகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பாருங்கள். வடக்குப் பக்கத் தூம்பில் குளிர்காலத்தில் பனி உறைந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் கூரையிலேயே நின்று உள்ளே இறங்கும். அதே காரணத்துக்காக வடக்கு பார்த்த கார் பாதையையும் தவிர்க்கப் பாருங்கள். தெற்குப் பக்கம் விழுந்த பனி மறுநாள் மத்தியானமே உருகிப் போயிருக்கும்போது, வடக்கில் வாரக்கணக்கில் பனிக்கட்டியாகக் கிடக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது படுக்கையறை எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி. நகர எல்லைக்குள் என்றால் மாநகராட்சிக் குழாய். மலையில் இருக்கும் இரண்டு நீர்த்தேக்கங்கள், ஆழ்குழாய்க் கிணறுகள், 2011 முதல் ரியோ கிராண்டே ஆற்றிலிருந்து எடுக்கும் நீர், எல்லாம் கலந்து வருவதால் ஓரளவு பாதுகாப்பு. அதிகம் செலவழித்தால் கட்டணம் கூடும், மே முதல் அக்டோபர் வரை காலை பத்திலிருந்து மாலை ஆறு மணிவரை தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கூடாது. புல்வெளி ஆசையை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நகருக்கு வெளியே, ஐந்து ஏக்கரும் மலைக்காட்சியும் கொண்ட வீடு என்று விளம்பரத்தில் மயக்குமே, அதில் பெரும்பாலும் சொந்தக் கிணறு. கிணற்றுக்கு மாநிலப் பொறியாளர் அலுவலகத்தின் அனுமதி எண் இருக்கிறதா, இரண்டு வீட்டுக்குப் பொதுவான கிணறா, நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் தருகிறது, பத்து வருஷத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். சில மனைகளில் ஆண்டுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பத்திரத்திலேயே உச்சவரம்பு எழுதியிருக்கும். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பும்போது ஆர்சனிக்கோடு யுரேனியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் பாறை அப்படி. வீட்டுக்குள் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் பரிசோதனையும் அங்கே கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று. பள்ளத்தாக்குக் கிராமங்களில் வாங்கினால் அசெக்கியா என்ற பழைய வாய்க்காலில் பங்கு வரலாம். நம்மூர் ஏரியின் நீர்பாய்ச்சி போலவே அங்கே மயோர்டோமோ என்றொருவர் முறை வைத்துத் தண்ணீர் விடுவார், வசந்தத்தில் வாய்க்கால் தூர்வாரப் பங்குதாரர்கள் மண்வெட்டியோடு வர வேண்டும், அல்லது கூலி ஆள் அனுப்ப வேண்டும்.

வீட்டுப் பக்கத்தில் காய்ந்த ஓடை ஏதாவது இருந்தால் அதைக் காலியிடம் என்று எண்ணாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் மத்தியான இடிமழை பெய்தால் கால் மணி நேரத்தில் அது ஆறாகிவிடும்.

அடுத்தது நெருப்பு. 2000இல் லாஸ் அலமோஸில் 400க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்த தீ, காய்ந்த புதரைக் குறைக்க அதிகாரிகளே கட்டுப்பாட்டோடு எரிப்பதாகத் தொடங்கிக் கை மீறியது. 2022இல் ஊரையொட்டிய மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் 3.4 லட்சம் ஏக்கரை எரித்த, மாநில வரலாற்றிலேயே பெரிய தீயும் வனத்துறை வைத்த நெருப்பிலிருந்து வந்ததுதான். ஏப்ரல் முதல் மழை வரும்வரை பயந்துகொண்டேதான் இருக்க வேண்டும், தீ தூரத்தில் இருந்தாலும் புகை வந்து சேரும். பினியன் என்ற குட்டைப் பைன் மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் வீடு அழகுதான், ஆனால் விலை பேசி முடிக்கும் முன்பே இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் அந்த முகவரியைக் கொடுத்து மதிப்பீடு வாங்குங்கள். மறுத்துவிட்டாலோ தொகை மிரட்டினாலோ ஒப்பந்தத்திலிருந்து அபராதமில்லாமல் விலகும் கெடு முடிவதற்குள் தெரிந்திருக்க வேண்டும். தப்பிக்க ஒரே சாலை உள்ள மலையோரத் தெருக்களை நான் என்றால் தொடவே மாட்டேன்.

விலையைப் பொறுத்தவரை மாநிலத்தின் மற்ற ஊர்களோடு ஒப்பிட்டால் எங்கேயோ இருக்கிறது. சொத்து வரி குறைவு என்று விற்பவர் காட்டும் ரசீதை மட்டும் நம்ப வேண்டாம். குடியிருப்பு வீட்டின் வரி மதிப்பு வருஷத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று சட்டம், ஆனால் வீடு கை மாறியதும் சந்தை விலைக்குத் தாவிவிடும். முப்பது வருஷமாக இருந்த பாட்டி கட்டிய வரி உங்களுக்குக் கிடைக்காது. வெளியிலிருந்து பணத்தோடு வருகிறவர்களால்தான் விலை ஏறியது என்ற கசப்பு, தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கும் ஸ்பானிய வம்சாவளிக் குடும்பங்களிடம் உண்டு. அது நியாயமும்கூட. அதைத் தெரிந்துகொண்டு போனால் பழகுவதற்கு எளிது. பக்கத்துப் பழங்குடிக் கிராமங்களில் திருவிழா நடனம் பார்க்கப் போனால் போனை உள்ளே வையுங்கள், படம் எடுக்கக் கூடாது.

வீடு வாங்கிய பிறகு ஒரு சின்ன எச்சரிக்கை. பூட்டிக் கிடந்த கொட்டகை, கேரேஜ் ஆகியவற்றில் எலிப்புழுக்கை இருந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஹான்டா வைரஸ் அந்தத் தூசியில்தான் பரவும், அரிதானது ஆனால் உயிரை எடுப்பது. கதவைத் திறந்து காற்றாட விட்டு, கையுறை போட்டு, பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்துவிட்டுத் துணியால் அள்ளுங்கள்.

மருத்துவர், பள்ளி, மனிதர்கள்

மாநிலம் முழுக்க மருத்துவர் தட்டுப்பாடு இருக்கிறது. ஊரில் மருத்துவமனை உண்டு, ஆனால் பெரிய விபத்துக்கான உயர்நிலைச் சிகிச்சை மையம் மாநிலத்தின் பெரிய நகரமான அல்புகெர்க்கியில்தான், ஒரு மணி நேரப் பயணம். மாதாமாதம் சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் குடிபோகும் முன்பே நேரம் வாங்கிப் பாருங்கள், காத்திருப்பு எவ்வளவு என்பது அப்போதே தெரிந்துவிடும். பள்ளிக் கல்வித் தரவரிசைகளில் நியூ மெக்ஸிகோ பல வருஷமாகக் கடைசியில் நிற்கிறது. குழந்தை இருக்கிறவர்கள் மாநிலச் சராசரியை விட்டுவிட்டு, குறிப்பிட்ட பள்ளிக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். லாஸ் அலமோஸ் பள்ளிகள் தனி ரகம்.

தமிழ் ஆட்கள் மிகக் குறைவு. இந்திய மளிகைக்கும் கோயிலுக்கும் அல்புகெர்க்கிக்குத்தான் வண்டியை எடுக்க வேண்டும். வடக்கே டாவோஸ் என்ற சின்ன ஊரில் நீம் கரோலி பாபா என்ற வட இந்தியத் துறவியின் பக்தர்கள் கட்டிய ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது, போனால் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள், ஆனால் அது வேறு உலகம். பொங்கலுக்கு நாற்பது பேர் கூட வேண்டும், குழந்தைக்குப் பரதநாட்டிய வகுப்பு வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஊர் பொருந்தாது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். ஓவியம், மலைநடை, ஓபரா இசை நாடகம், தனிமை, இதில் ஏதாவது இரண்டு உங்களுக்குப் பிடிக்கும் என்றால் கதை வேறு.

இதையெல்லாம் பார்த்தும் போவதென்று தீர்மானித்தால் முதல் வருஷம் வாடகைக்கே இருங்கள். ஒப்பந்தத்தை ஜனவரியில் போடுங்கள், சுற்றுலாக் கூட்டம் குறைந்திருக்கும், பேரம் பேச இடமிருக்கும், காற்று மாதமும் முன்னாலேயே வந்துவிடும். பழைய ஊரில் வீடு இருந்தால் அதை விற்பதை அந்த வருஷம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள்.

மனசு இரண்டாகவே இருந்தால் அல்புகெர்க்கியை யோசியுங்கள். அதே வெயில், 1,600 மீட்டர் உயரம்தான் என்பதால் பெற்றோருக்குக் கொஞ்சம் சுலபம், வீட்டு விலை கணிசமாகக் குறைவு, விமான நிலையம் பக்கத்தில், ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் இருக்கும் ஊர் என்பதால் வேலையும் மருத்துவரும் கிடைக்க வாய்ப்பு அதிகம். சான்டா ஃபே வேண்டும்போது ரயில் ரன்னர் என்ற பயணிகள் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வார இறுதியில் வண்டிகள் குறைவு, திரும்பி வரும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.